புதுச்சேரி மண் தண்ணீர் குடித்த கதை

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் தவறாமல் படம் எடுத்துக்கொள்ளும் இடங்களில் ஒன்று பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் வெள்ளை மண்டபம். ஆயி மண்டபம் என்று பெயர். பார்த்தால் ஏதோ பிரெஞ்சு தளபதிக்கோ கவர்னருக்கோ எழுப்பிய நினைவுச்சின்னம் போலத்தான் தெரியும். ஆனால் அது ஒரு தாசியின் பெயரில் இருக்கிறது. அதுவும் தண்ணீருக்காக!

ஊரில் சொல்லும் கதை இதுதான். விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் (ஆட்சிக்காலம் 1509-1529) இந்தப் பக்கமாக ஒரு மாலை நேரத்தில் போய்க்கொண்டிருந்தார். தூரத்தில் விளக்குகள் ஜொலிக்கும் ஒரு மாளிகை. கோவில் என்று நினைத்துக் கைகூப்பி விட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் அது ஆயி என்ற தாசியின் வீடு என்று சொல்ல, ராயருக்குக் கோபம் வந்து வீட்டை இடிக்கச் சொல்லிவிட்டார். ஆயி, "என் வீட்டை நானே இடித்துக்கொள்கிறேன், அதற்குக் கொஞ்சம் அவகாசம் மட்டும் கொடுங்கள்" என்று கேட்டு, வீட்டை இடித்து அந்த இடத்தில் ஒரு குளம் வெட்டினாள். அந்த இடம் முத்திரையர்பாளையம். நகரத்துக்கு மேற்கே சுமார் ஐந்து கிலோமீட்டர்.

முன்னூறு வருடங்களுக்கு மேல் கழித்து, பிரான்ஸில் மூன்றாம் நெப்போலியன் ஆட்சி செய்த காலத்தில் (1852-1870) புதுச்சேரியில் நல்ல தண்ணீருக்குப் பஞ்சம். லாமெரேஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் முத்திரையர்பாளையத்து ஊற்றிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். ஆயியின் கதையைக் கேட்ட பேரரசர் நெகிழ்ந்துபோய் அவள் பெயரில் மண்டபம் கட்டச் சொன்னாராம்.

இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு செவிவழிச் செய்தி என்று பிரிப்பது கடினம். ராயரும் ஆயியும் வரும் பகுதி கதை. 1860களில் லாமெரேஸ் இங்கே தலைமைப் பொறியாளராக இருந்ததும், முத்திரையர்பாளையத்துத் தண்ணீர் நகரத்துக்கு வந்ததும் வரலாறு. (லாமெரேஸ் சாதாரண ஆள் இல்லை. தென்னிந்திய நாட்டுப் பாடல்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1867-ல் புத்தகம் போட்டார். பிற்பாடு 1891-ல் காமசூத்திரத்தையும் பிரெஞ்சில் கொண்டுவந்தார். குழாய் போட வந்த இஞ்சினியருக்கு இத்தனை ஆர்வம்!)

கதையைக் கேட்கும் யாரும் கேட்காமல் விட்டுவிடும் ஒரு கேள்வி இருக்கிறது. நல்ல தண்ணீர் ஏன் ஐந்து கிலோமீட்டர் தள்ளி முத்திரையர்பாளையத்தில் இருந்தது? மழை இரண்டு இடத்திலும் ஒரே அளவுதானே பெய்கிறது?

விடை மண்ணில் இருக்கிறது. நகரம் உட்கார்ந்திருப்பது கடற்கரை மணலில். மணல் தண்ணீரை உடனே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் அங்கே சேரும் நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய படலம்தான், அதற்குக் கீழே உப்புத்தண்ணீர். கொஞ்சம் அதிகமாக இறைத்தால் கிணறு கரிக்க ஆரம்பித்துவிடும். நகரத்துக்கு வடக்கிலும் வடமேற்கிலும் கோரிமேடு, லாஸ்பேட்டை பக்கம் செம்மண் மேடு. அதன் அடியில் புவியியலாளர்கள் கடலூர் மணற்கல் என்று அழைக்கும் அடுக்கு. மேட்டில் பெய்த மழை மெதுவாக இறங்கி, மணற்கல்லின் இடுக்குகளில் தங்கி, தாழ்வான பக்கம் நோக்கி நகர்கிறது. ஆக, ஒரு நகரத்தின் குடிநீர் என்பது அதன் மேட்டு நிலம் மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் மழையை விழுங்கும் என்பதைப் பொறுத்தது. இந்த எண்ணை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் பிரான்ஸுக்குப் போக வேண்டும். திஜோன் என்ற நகரம். கடுகுச் சாறுக்குப் பேர்போன ஊர். அங்கே ஹென்றி டார்சி (1803-1858) என்ற பொறியாளர். பாலங்கள், சாலைகள் துறையைச் சேர்ந்தவர். லாமெரேஸும் அதே துறைதான். டார்சி செய்ததும் கிட்டத்தட்ட அதே வேலைதான்: சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த ரோசுவார் என்ற ஊற்றிலிருந்து திஜோனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து 1840-ல் வேலையை முடித்தார். தெருவெல்லாம் நீரூற்றுக் குழாய்கள். அதுவரை அழுக்குக் கிணற்றை நம்பியிருந்த ஊர், ஐரோப்பாவிலேயே சிறந்த குடிநீர் வசதி உள்ள ஊர்களில் ஒன்றாகிவிட்டது.

அதோடு அவர் ஓய்வெடுத்திருக்கலாம். ஆனால் தண்ணீரை மணலில் வடிகட்டுவதற்கு எவ்வளவு பெரிய மணல் படுக்கை தேவை என்ற கேள்வி அவரை விடவில்லை. 1855, 1856-ல் திஜோன் மருத்துவமனையில் 35 சென்டிமீட்டர் விட்டமுள்ள உயரமான இரும்புக் குழாயை நிறுத்தி, அதில் ஆற்று மணலை நிரப்பி, மேலே இருந்து தண்ணீர் விட்டு, கீழே எவ்வளவு வருகிறது என்று அளந்தார். முடிவு மிக எளிமையானது. மேலும் கீழும் உள்ள நீர்மட்ட வித்தியாசம் இரண்டு மடங்கானால் வரும் தண்ணீரும் இரண்டு மடங்கு. மணலின் தடிமன் இரண்டு மடங்கானால் வரும் தண்ணீர் பாதி. மீதியெல்லாம் அந்த மணலுக்கே உரிய ஒரு எண்ணைப் பொறுத்தது. பொடி மணலுக்கு ஒரு எண், பருமணலுக்கு வேறு எண், களிமண்ணுக்கு மிக மிகச் சின்ன எண். 1856-ல் திஜோன் நகர நீரூற்றுகளைப் பற்றி அவர் எழுதிய பெரிய புத்தகத்தில், பின்னிணைப்பு மாதிரி ஒரு மூலையில் இதைப் போட்டுவைத்தார். இன்றைக்கு உலகம் முழுவதும் நிலத்தடி நீர் கணக்கு, எண்ணெய்க் கிணறு கணக்கு எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் அந்த மூலையில் இருந்த விஷயம்தான்.

அந்தப் புத்தகம் வந்து பத்து வருடத்துக்குள் முத்திரையர்பாளையத்துத் தண்ணீர் புதுச்சேரிக்கு வந்துவிட்டது. திஜோனின் கதையும் புதுச்சேரியின் கதையும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன. ஊருக்கு வெளியே ஊற்று, நீண்ட கால்வாய், நகர நடுவில் நீரூற்று. ஒரே வித்தியாசம், திஜோனில் டார்சியின் பெயரைச் சதுக்கத்துக்கு வைத்தார்கள். இங்கே பொறியாளரை மறந்துவிட்டு ஆயியை நினைவில் வைத்தார்கள். ஒருவகையில் அது நியாயம்தான்.

அடுத்த அதிசயம் பூமிக்கடியிலிருந்து வந்தது. 1870களின் பிற்பகுதியில் புதுச்சேரியில் ஆழமாகத் துளை போட்டபோது, தண்ணீர் இறைக்காமலேயே தானாகப் பொங்கி மேலே வந்தது. ஆர்ட்டீசியன் ஊற்று. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் 1880-ல் இந்தக் கிணறுகளைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். மெட்ராஸிலும் இப்படிக் கிடைக்குமா என்று பார்ப்பதும் அவர் நோக்கம். பிரெஞ்சுக்காரன் ஊரில் தண்ணீர் தானாக வருகிறது, நம் ஊரில் வரவில்லையே என்ற ஆதங்கம் பிரிட்டிஷாருக்கு! இதே மாதிரி பாகூர் பக்கம் துளை போட்டபோதுதான் கறுப்பாக ஏதோ வந்து, பிற்காலத்து நெய்வேலி நிலக்கரிக்கு முதல் அறிகுறி கிடைத்தது என்பது தனிக்கதை.

தானாகப் பொங்குவதற்குக் காரணம் சாதாரணமானதுதான். மேற்கே மேட்டில் இறங்கிய மழைத்தண்ணீர், மேலும் கீழும் களிமண் அடைத்த மணல் அடுக்குக்குள் மாட்டிக்கொண்டு, மேட்டின் உயரம் கொடுக்கும் அழுத்தத்தோடு காத்திருக்கிறது. துளை கிடைத்ததும் சீறுகிறது. ஆனால் இது ஒரு சேமிப்புக் கணக்கு. மேட்டில் இறங்குவது வரவு, துளையில் வெளியேறுவது செலவு. வரவு எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை. செலவு மட்டும் நடந்துகொண்டே இருந்தது. வணிகவியல் படிக்காதவர்களுக்கும் இது எங்கே போய் முடியும் என்று தெரியும். இன்று அந்த நிலத்தடி நீரை ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் இறக்கித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

சரி, மண்ணின் மேற்பரப்பில் தண்ணீர் இறங்கும் வேகத்தை அளப்பது எப்படி? டார்சியின் குழாயில் இருந்தது சுத்தமான மணல், முழுக்க நனைந்த மணல். வயலில் அப்படி இருக்காது. காய்ந்திருக்கும், வெடித்திருக்கும், வேர் இருக்கும், மண்புழு போட்ட ஓட்டை இருக்கும். இதை வயலிலேயே அளக்க வழி சொன்னவர்களில் முக்கியமானவர் மீண்டும் ஒரு பிரெஞ்சுக்காரர், அஷீல் முன்ட்ஸ். வேளாண் வேதியியல் அறிஞர். பாசனம் செய்யப்போகும் நிலங்கள் எவ்வளவு தண்ணீர் விழுங்கும் என்று தெரிந்தால்தான் வாய்க்காலில் எவ்வளவு விட வேண்டும் என்று தெரியும் என்பதால், 1905-ல் அவரும் சக ஆய்வாளர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மண்ணில் ஒரு உருளை வளையத்தை அடித்து இறக்கி, அதற்குள் சுமார் 3 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் நிற்கும்படி ஒரு பாத்திரத்திலிருந்து தானாக விழ வைத்து, பாத்திரத்தில் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது அவர் முறை.

இன்றைக்கு இந்திய வேளாண் கல்லூரி மாணவர்கள் செய்வது இதன் தம்பி. இரண்டு இரும்பு வளையம், ஒன்றுக்குள் ஒன்று. உள் வளையம் 30 சென்டிமீட்டர் விட்டம், வெளி வளையம் 60. மேலே ஒரு மரக்கட்டையை வைத்துச் சம்மட்டியால் அடித்து இறக்க வேண்டும். சாய்ந்து இறங்கினால் மண் பிளந்து, தண்ணீர் ஓரமாக ஓடிவிடும். ஆரம்பிக்கும்போதே கெட்டுப்போன கணக்கு அது. உள்ளே ஒரு கோணிப்பையையோ பாலித்தீன் தாளையோ போட்டு அதன் மேல் தண்ணீர் ஊற்றுவார்கள், நேராக ஊற்றினால் மண் கலங்கி ஓட்டைகள் அடைபட்டுவிடும். பிறகு ஒரு அளவுகோலும் கடிகாரமும். ஐந்து நிமிடத்தில் எவ்வளவு இறங்கியது, பத்து நிமிடத்தில், இருபது நிமிடத்தில்... அவ்வளவுதான்.

எதற்கு இரண்டு வளையம்? ஒரே வளையம் இருந்தால் தண்ணீர் கீழே மட்டும் போகாது, பக்கவாட்டிலும் பரவும். மண்ணின் வேகம் அதிகமாக இருப்பது போலப் பொய்க்கணக்கு வரும். வெளி வளையத்திலும் தண்ணீர் நிறுத்தினால் பக்கவாட்டுக் கசிவை அதுவே பார்த்துக்கொள்ளும். உள் வளையத்துத் தண்ணீர் நேராகக் கீழே போகும். ஒரு காவல்காரனை வைத்த மாதிரி.

இந்தச் சோதனையில் எப்போதும் ஒரு விஷயம் நடக்கும். முதல் சில நிமிடங்களில் தண்ணீர் வேகமாக மறையும். காய்ந்த மண் பஞ்சு மாதிரி இழுக்கிறது. நேரம் ஆக ஆக வேகம் குறைந்து, ஓரிரு மணி நேரத்தில் ஒரு நிலையான வேகத்துக்கு வந்துவிடும். களிமண்ணில் இன்னும் அதிக நேரம் ஆகும். அந்தக் கடைசி வேகம்தான் அந்த மண்ணின் அடையாளம். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு கொடுக்கும் பொதுவான அளவுகள்: மணலில் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல், மணல் கலந்த வண்டலில் 20 முதல் 30, வண்டலில் 10 முதல் 20, களி கலந்த வண்டலில் 5 முதல் 10, களிமண்ணில் 1 முதல் 5. மணலுக்கும் களிமண்ணுக்கும் இடையே முப்பது மடங்கு வரை வித்தியாசம் வரலாம்!

1933-ல் அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் ஹார்ட்டன் இந்த எண்ணை மழையோடு சேர்த்துப் பார்த்தார். மழை பெய்யும் வேகம் மண் குடிக்கும் வேகத்தை விடக் குறைவாக இருந்தால் எல்லாம் உள்ளே போகும். அதிகமாக இருந்தால் மிச்சம் ஓடும். சொல்லிக்கேட்டால் இதென்ன பெரிய கண்டுபிடிப்பு என்று தோன்றும். ஆனால் வெள்ளம், மண் அரிப்பு, கிணற்று நீர்மட்டம் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டார். நிலத்தின் மேல்தோல் ஒரு வாசல். அங்கேதான் மழை இரண்டாகப் பிரிகிறது.

இதற்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம், புதுச்சேரிக்கு வடக்கே இருக்கும் செம்மண் மேடே போதும். 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டபோது எடுத்த புகைப்படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 124 நாடுகளிலிருந்து வந்த மண்ணைத் தாழியில் போட்டார்கள். சுற்றிலும் பார்த்தால் அந்த ஊர் மண்ணே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது! மரம் மட்டை இல்லாத செம்மண் பொட்டல், நடுநடுவே மழைநீர் அறுத்த ஆழமான பள்ளங்கள். மழை பெய்தால் சிவப்பு வெள்ளம் கிழக்கே இறங்கிக் கடலைச் சிவக்க வைக்கும்.

செம்மண் மணற்பாங்கானது, தண்ணீரை நன்றாக இழுக்க வேண்டிய மண். பிறகு ஏன் ஓடியது? மேலே மூடாத மண்ணில் மழைத்துளி வேகமாக விழும்போது மண்கட்டிகள் உடைந்து, பொடித்துகள்கள் இடுக்குகளை அடைத்துவிடும். காய்ந்ததும் மேலே சில மில்லிமீட்டர் தடிமனில் பொருக்குத் தட்டும். அந்த மெல்லிய பொருக்கு போதும், கீழே எத்தனை அடி நல்ல மண் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. வாசல் பூட்டியாயிற்று. அடுத்த மழையில் தண்ணீர் ஓடும், ஓடும்போது மண்ணையும் கொண்டுபோகும், அடியில் இன்னும் இறுகிய மண் வெளியே வரும், அதில் இன்னும் குறைவாக இறங்கும். கடன் வாங்கி வட்டி கட்டுகிறவன் கதை மாதிரி வருடத்துக்கு வருடம் மோசமாகும்.

ஆரோவில்காரர்கள் செய்த வைத்தியம் நம் விவசாயிக்குத் தெரிந்த வைத்தியம்தான். நிலத்தைச் சுற்றிலும் சரிவுக்குக் குறுக்கிலும் மண்வரப்பு போட்டார்கள். தண்ணீர் ஓடாமல் நின்றால் மெதுவான மண்ணுக்கும் குடிக்க நேரம் கிடைக்கிறது. பள்ளங்களுக்குக் குறுக்கே சிறு தடுப்பணைகள் கட்டினார்கள். பிறகு லட்சக்கணக்கில் மரம் நட்டார்கள். இலை மழைத்துளியின் அடியைத் தாங்கிக்கொள்கிறது. உதிர்ந்த சருகு மண்ணை மூடுகிறது. வேரும் கறையானும் மண்புழுவும் உள்ளே வழி போடுகின்றன. வளையத்தை மரத்தடியில் ஒருமுறையும் பக்கத்துப் பொட்டலில் ஒருமுறையும் அடித்துப் பார்த்தால் ஒரே மண்ணா என்று சந்தேகம் வரும் அளவுக்கு வித்தியாசம் தெரியும்.

இதுவரை படித்தவர்களுக்கு, தண்ணீர் வேகமாக இறங்குவதுதான் நல்லது என்ற எண்ணம் வந்திருக்கும். பாகூருக்குப் போனால் அந்த எண்ணம் மாறிவிடும்.

பாகூர் பழைய ஊர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கே ஒரு கல்விச்சாலைக்கு நிலம் விட்டதைச் சொல்கிறது. பெண்ணையாற்றிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. (பங்காரி, சிங்காரி என்று இரண்டு தாசிகளை இந்த ஏரியோடு சேர்த்துச் சொல்லும் கதையும் உண்டு. புதுச்சேரியில் தண்ணீர்க் கதை என்றால் தாசிகள் இல்லாமல் இல்லை போலும்.) பாகூர்ப் பக்கம் ஆற்று வண்டலும் களியும் நிறைந்த நெல் பூமி.

நெல் விவசாயிக்கு வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். அதனால் நடவுக்கு முன் தண்ணீர் கட்டி, திரும்பத் திரும்ப உழுது, மிதித்து, பரம்படித்துச் சேறாக்குகிறார். அவர் செய்வது என்ன? மண்ணின் இடுக்குகளை வேண்டுமென்றே அடைத்து, இறங்கும் வேகத்தைக் கொல்கிறார். ஆரோவில் மேட்டில் மழைத்துளி செய்த அதே நாசவேலையை இவர் திட்டமிட்டு, ஆயிரம் வருடத்துக்கு மேலாகச் செய்துவருகிறார். அங்கே அது அழிவு, இங்கே அது சோறு. நல்ல சேற்றுழவு செய்த களி வயலில் ஒரு நாள் முழுக்க இறங்குவதே சில மில்லிமீட்டர்தான்.

ஏரியும் அப்படியே. ஏரி கட்டினவர்கள் தண்ணீர் மண்ணுக்குள் போக வேண்டும் என்று கட்டவில்லை, அடுத்த போகம் வரை நிற்க வேண்டும் என்று கட்டினார்கள். அடியில் வண்டல் படியப் படியக் கசிவு குறையும். ஆனால் கொள்ளளவும் குறையும் என்பதால் தூர்வாருவார்கள், அந்த வண்டலை வயலுக்கு எருவாகப் போடுவார்கள்.

பிறகு மோட்டார் வந்தது. விவசாயிக்குத் தன் வயலிலேயே ஆழ்துளைக் கிணறு இருக்கும்போது ஏரித் தண்ணீரின் முறைக்காக ஏன் காத்திருக்க வேண்டும்? ஏரிகளைக் கவனிக்க ஆள் இல்லாமல் போனது. தூர் மேடிட்டது, வரத்து வாய்க்கால் அடைபட்டது, சில இடங்களில் ஆக்கிரமிப்பு. நிலத்தடி நீர் இறங்கி, கடற்கரைப் பக்கம் கடல்நீர் உள்ளே ஏற ஆரம்பித்த பிறகுதான் ஏரியின் இன்னொரு பயன் எல்லோர் கண்ணிலும் பட்டது. 1999-ல் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளையும் சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு ஏரிக்கும் பயன்படுத்துவோர் சங்கம் அமைத்துத் தூர்வாரினார்கள். நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்த 2002-ல் தனிச்சட்டமும் வந்தது. முன்பு பாசனத்துக்காகத் தண்ணீரைப் பிடித்துவைக்கச் சொன்ன அதே ஏரியிடம், இப்போது தண்ணீரை உள்ளே இறக்கு என்று கேட்கிறார்கள்.

எவ்வளவு இறக்கும்? மத்திய அரசின் நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழு 1997-ல் வகுத்த கணக்கில் ஏரிக்குக் கொடுத்திருக்கும் எண் ஒரு நாளைக்கு 1.4 மில்லிமீட்டர். மணிக்கு அல்ல, நாளைக்கு! களிமண்ணில் வளையம் காட்டும் வேகத்தை விடவும் மிகக் குறைவு. ஆனால் பரப்பைப் பாருங்கள். ஊசுடு ஏரியின் பரப்பு சுமார் 800 ஹெக்டேர், புதுச்சேரிக்குப் பாதி, தமிழ்நாட்டுக்குப் பாதி என்று படுத்திருக்கிறது. முழுக்க நிரம்பி நிற்கும் நாளில் 1.4 மில்லிமீட்டர் இறங்கினால் ஒரு கோடியே 12 லட்சம் லிட்டர். ஒரு நாளைக்கு! வட்டி விகிதம் சின்னது, அசல் பெரியது.

அதே குழு மழைக்கும் விகிதம் வைத்திருக்கிறது. கிழக்குக் கடற்கரை வண்டல் நிலத்தில் பெய்யும் மழையில் 16 சதவீதம் நிலத்தடி நீரைச் சேரும், கடலூர் மணற்கல் போன்ற நிலத்தில் 12 சதவீதம், செம்பாறாங்கல் நிலத்தில் 7 சதவீதம். புதுச்சேரியில் வருடத்துக்குச் சராசரியாக 1,200 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்கிறது என்று வைத்தால், மணற்கல் மேட்டில் உள்ளே சேர்வது 144 மில்லிமீட்டர். மீதி ஆவியாகவும் செடி கொடிகளுக்கும் கடலுக்கும். ஒரு முழு யூனியன் பிரதேசத் தலைநகரம் அந்த 144 மில்லிமீட்டரை நம்பி மோட்டார் போடுகிறது. நகரத்தின் குடிநீருக்குப் பெரிய ஆற்று நீர்த்திட்டம் எதுவும் கிடையாது, எல்லாம் நிலத்தடி நீர்தான்.

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அதற்கு முன் பேசப்பட்ட பெரிய மழை 2004 அக்டோபர் 31-ல் பெய்த 21 சென்டிமீட்டர். அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். தெருக்களில் படகு ஓடியது, வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

இதை வளையத்தின் கணக்கில் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. 460 மில்லிமீட்டரை 24 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 19 மில்லிமீட்டர் சராசரி. மணல் கலந்த வண்டல் மண்ணின் வேகம் 20 முதல் 30. அதாவது சராசரியாகப் பார்த்தால், பொருக்குத் தட்டாத மணற்பாங்கான மண் அந்த மழையைக் கூட விழுங்கக்கூடிய வேகத்தில்தான் இருக்கிறது! நிஜத்தில் மழை சீராகப் பெய்யாது, சில மணி நேரம் கொட்டித் தீர்க்கும். மண்ணும் ஏற்கனவே நனைந்திருக்கும், தாழ்வான இடத்தில் நிலத்தடி நீரே மேலே வந்திருக்கும். அதனால் வெள்ளமே வந்திருக்காது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மண்ணின் வேகம் 20 ஆக இருக்கும் இடத்தில் சிமெண்ட் போட்டால் அது பூஜ்யம். 1,000 சதுர அடி மனையில் அன்று விழுந்தது சுமார் 43,000 லிட்டர், 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் மூன்றரை லோடு. முற்றம் முழுக்க டைல்ஸ் போட்ட வீட்டிலிருந்து அவ்வளவும் தெருவுக்கு வந்தது. கோடையில் அதே தெருவுக்கு லாரி வருகிறது.

மழைநீர் சேகரிப்புக்கு வீட்டில் உறிஞ்சு குழி வெட்டும் மேஸ்திரிகள் பெரும்பாலும் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில்தான் வெட்டுகிறார்கள். கடற்கரை மணலில் இருக்கும் வீட்டுக்கும் அதே குழி, களிமண் ஊரில் இருக்கும் வீட்டுக்கும் அதே குழி. முதல் வீட்டில் பாதிக் குழியே போதும். இரண்டாவது வீட்டில் குழி ஒரு மணி நேரத்தில் நிரம்பி வழியும், வீட்டுக்காரர் "மழைநீர் சேகரிப்பெல்லாம் சும்மா" என்று சொல்லிவிட்டு அதன் மேல் சிமெண்ட் பூசிவிடுவார். குழி வெட்டும் முன் ஒரு அடி ஆழத்துக்குச் சின்னப் பள்ளம் தோண்டி, இரண்டு மூன்று முறை தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, பிறகு ஊற்றும் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று ஒரு குச்சியில் கோடு போட்டுப் பார்த்தாலே போதும். முன்ட்ஸின் பாத்திரமும் வேண்டாம், இரட்டை வளையமும் வேண்டாம். செலவு நாலு குடம் தண்ணீர்.

வளையமே அடித்துப் பார்க்க வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால், நகரத்துக்குள் இடம் கிடைப்பதுதான் சிரமம். தார் ரோடு, சிமெண்ட் தளம், நடைபாதையில் பேவர் பிளாக். சம்மட்டியால் அடித்தால் வளையம்தான் வளையும். நகர நடுவில் விசாலமாக மண்தரை மிச்சமிருக்கும் இடங்கள் சொற்பம். அதில் ஒன்று பாரதி பூங்கா, ஆயி மண்டபத்தைச் சுற்றியுள்ள புல்தரை.